சேதாரம்

உஸ்த்காவில் கடல் ஈய நிறத்துக்குப் போய்விட்ட மாதம்.
நார்வேயிலிருந்து லாரியில் வரும் சால்மன்
தீர்வை கட்டாமல் போலந்துக்குள் நுழைகிறது
ஒரு வாக்கின் பேரில்:
அறுபட்டு, உப்பேறி, புகை குடித்து
மறுபடி எல்லை தாண்டிப் போய்விடுவேன் என்று.

நூறு கிலோ உள்ளே.
அறுபத்து மூன்று கிலோ வெளியே.
இடையில் போனதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது:
தலை, முள், தோல்,
புகைக்கூண்டில் ஆவியாகிற ஈரம்.
ஈரத்துக்கு யாரும் வரி கேட்பதில்லை.
இருபது ஆண்டுகளில் சுங்கச் சட்டத்தில்
நான் கண்ட ஒரே கருணை அது.

ரெமிகியுஷ் கோஸ்மேலா கைகளை நன்றாகக் கழுவிவிட்டு வந்திருந்தார்.
ஆல்டர் மரப் புகை மட்டும்
கோட்டோடு கூடவே வந்து
இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தது.

"ஐம்பத்தெட்டு என்று எழுதுங்கள்."

மீதி ஐந்து?

சன்னலைப் பார்த்தார்.
ஜூலையில் குளிரறை நின்றுபோன கதையைச் சொன்னார்,
பழுதுபார்த்தவன் கேட்ட தொகையை,
வெள்ளிக்கிழமை தவறாமல் கூலி வாங்கிய
நாற்பத்தொரு பெண்களை.
எந்தெந்த ஓட்டலில் இறக்கினார் என்பதையும் சொன்னார்,
நான் கேட்காமலே.
மனக்கணக்கு தானாக ஓடியது:
நானூறு டன்னில் இருபது டன்.

"கத்தி மழுங்கல், எந்திரம் பழசு,
சேதாரம் கூடிப்போச்சு என்று சொல்லுங்கள்.
நீங்கள் சொன்னால் நம்புவார்கள்."

நம்புவார்கள்தான்.
என்னிடம் இருக்கிற ஒரே எந்திரம் அது,
அதன் கத்தி இன்னும் மழுங்கவில்லை.

என் அங்கியின் கழுத்தில் பச்சைப் பட்டி.
அரசுத் தரப்புக்குச் சிவப்பு.
பச்சை என்றால், நீ சொன்னது என்னோடு போகும்,
கேட்டாலும் தர மாட்டேன்.
பச்சை என்றால் இன்னொன்றும் உண்டு:
பொய் என்று தெரிந்த எண்ணை
என் கையெழுத்துக்கு மேலே எழுத மாட்டேன்.
இரண்டு விதிகளுக்கும் நடுவில்
ஓர் ஆள் ஒருக்களித்து நுழையுமளவு இடைவெளி.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
நீங்களே போய் ஒப்புக்கொள்ளுங்கள்,
தீர்வையும் வட்டியும் கட்டுங்கள், தவணை கேட்டுப் பார்ப்போம்,
அனுமதியையாவது காப்பாற்றலாம்.
"இதைச் சொல்லவா
மணிக்கு இவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்றார்.
சிரித்துவிட்டேன். அவரும்.
பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

விலகல் கடிதம் மூன்று வரி.
நான்காவது வரி எழுதி, அடித்து,
தாளையே மாற்றினேன்.
முன்பணத்தில் மிச்சத்தைத் திருப்பி அனுப்பினேன்.

ஜனவரி விசாரணைக்கு ஆள் பிடித்தாயிற்று போலும்.
தோபியாஷ் கென்ட்சியா என்று ஓர் இளைஞர்
கிதினியாவிலிருந்து பேசினார்:
"கோப்பு கிடைத்தது. ஒன்று கேட்கலாமா,
ஏன் விட்டீர்கள்?"
தொழில் காரணங்கள்.
"கோப்பில் குறை ஏதும்..."
தொழில் காரணங்கள், என்றேன் மறுபடி,
அதே குரலில். வேறு குரலில் சொன்னால்
அதுவே சாட்சியாகிவிடும்.
கம்பியில் ஒரு மௌனம்.
அவருக்குப் புரிந்ததா, தெரியவில்லை.
இருபது டன்னை எடைபோடத் தராசு இருக்கிறது.
இதற்கு இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு
நாத்தனார் வீட்டில் பன்னிரண்டு பதார்த்தம்.
வராத விருந்தாளிக்கு வழக்கப்படி ஒரு வெறுந்தட்டு.
நடுவில், வெந்தயக்கீரை போல ஏதோ தூவி,
இளஞ்சிவப்பாக, கண்ணாடி மாதிரி மெல்லியதாக.
"எங்கே வாங்கினாய்?" என் கணவர்தான் கேட்டார்.
"தெரிஞ்சவங்க மூலமா. பாதி விலை.
சாப்பிடு ஹெலேனா, ஏன் பார்த்துக்கிட்டே இருக்கே?"

எல்லா மீனும் அவருடையதாகுமா என்ன.
ஊரில் புகைக்கூண்டு ஒன்றா இரண்டா.

ஒரு துண்டு எடுத்தேன்.
உப்பு அளவாக இருந்தது.
இன்னொன்று எடுக்கவில்லை.